போட்டிக் காலத்தின் நடுவில் ஒரு வாரம் ஓய்வு எடுத்தால் காலில் இருக்கும் பலம் போய்விடுமா?

தலவாக்கலைப் பக்கத்துத் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். வயது 22. வருடத் தொடக்கத்தில் விமானப்படை நடத்தும் சைக்கிள் சவாரிக்காகப் பயிற்சியைக் கூட்டியிருக்கிறார். அது முடிந்த கையோடு சித்திரைப் புத்தாண்டு சைக்கிள் ஓட்டங்கள் மூன்றில் ஓடியிருக்கிறார். மே மாதக் கடைசியில் இன்னொரு ஓட்டம், அதற்கு ஐந்து வாரம் இருக்கிறது. இப்போது கால் கனக்கிறது, இரவில் தூக்கம் வருவதில்லை, வழக்கமாகத் தனக்குப் பின்னால் வரும் கூட்டாளிகள் நானுஓயா ஏற்றத்தில் தாண்டிப் போகிறார்கள். பயிற்சி தரும் மாஸ்டர் “விடாமல் ஓட்டு, சரியாகிவிடும்” என்கிறாராம். ஒரு வாரம் ஓய்வு எடுத்தால் இத்தனை நாள் பட்ட பாடு வீணாகுமா என்பதுதான் கேள்வி.

வீணாகாது தம்பி. இந்த வாரமே எடுங்கள். ஐந்து வாரம் கையில் இருக்கும்போது எடுப்பது நல்லது, இரண்டு வாரம் இருக்கும்போது தவிப்போடு எடுக்க வேண்டியிருக்காது. ஆனால் ஓய்வு வாரம் என்றால் சைக்கிளைச் சாக்குப் போட்டு மூடி வைத்துவிட்டு ஏழு நாளும் டிவி பார்ப்பது என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் அந்தப் பயம். தேயிலைத் தோட்டத்தில் வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் விழாது, அதாவது அன்றைய சம்பளம் இல்லை; பாதி நாள் போனால் அரைப்பேர். அந்தக் கணக்கில் வளர்ந்த நமக்கு, சைக்கிளில் ஏறாத நாளும் பேர் விழாத நாளாகத்தான் தெரியும். அம்மா மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருக்க, நாம் வாசலில் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதா என்ற கூச்சமும் சேர்ந்துகொள்ளும். என்னிடம் வரும் பிள்ளைகளில் பாதிப் பேர் ஓய்வு எடுக்காததற்குக் காரணம் மாஸ்டர் இல்லை, இந்தக் கூச்சம்தான்.

உடம்பின் கணக்கு வேறு மாதிரி. ஏற்றத்தில் மிதிக்கும்போது கால் பலம் பெறுவதில்லை. அப்போது தசையிழை சிதைகிறது, சேமித்து வைத்த சர்க்கரை தீர்கிறது. பலம் ஏறுவது பிறகு, சாப்பிட்டுத் தூங்கும்போது. சர்க்கரைச் சேமிப்பு ஒன்றிரண்டு நாளில் நிரம்பிவிடும். தசை ஆற இன்னும் சில நாள் ஆகும். நரம்பிலும் ஹோர்மோனிலும் ஏறிக் கிடக்கும் களைப்பு இறங்குவதற்குத்தான் அதிக நாள் பிடிக்கும். மூன்று மாதமாக நீங்கள் சிதைக்கும் வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள்.

எவ்வளவு போகும் என்று அளந்தும் பார்த்திருக்கிறார்கள். நல்ல பயிற்சியில் இருந்தவர்களை எல்லாவற்றையும் அடியோடு நிறுத்தச் சொல்லி 1980களில் அமெரிக்காவில் ஒரு பரிசோதனை நடந்தது. உச்ச முயற்சியில் உடம்பு எவ்வளவு ஒட்சிசனைப் பயன்படுத்துகிறது என்பதுதான் அளவுகோல். மூன்று வாரம் ஒன்றுமே செய்யாமல் இருந்தபோது அது சுமார் 7 சதவீதம் இறங்கியது. அந்த இறக்கத்துக்கும் பெரிய காரணம் தசை இல்லை, இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைவதுதான். ஓட்டத் தொடங்கினால் அது சில நாளிலேயே திரும்பி வரும்.

அதே காலத்தில் நடந்த இன்னொரு பரிசோதனை எனக்கு இதைவிடப் பிடிக்கும். வாரத்துக்கு 6 நாள், நாளுக்கு 40 நிமிடம் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களை வாரத்துக்கு 2 நாள் போதும் என்று குறைத்தார்கள். அந்த 2 நாளின் கடுமையை மட்டும் குறைக்கவில்லை. 15 வாரம் கழித்தும் ஒட்சிசன் அளவு அப்படியே நின்றது. நாட்களை விட்டுவைத்துக் கடுமையைக் குறைத்துப் பார்த்தபோதுதான் அது இறங்கியது. போட்டிக்கு முன் பயிற்சியைக் குறைப்பது பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2007இல் வந்த கட்டுரையும் இதே பக்கம்தான் நிற்கிறது. மொத்த அளவில் 41 முதல் 60 சதவீதம் வரை குறைத்து, வேகத்தில் கை வைக்காமல் விட்டவர்களுக்கே அதிக நன்மை. அது போட்டிக்கு முந்திய நாட்களைப் பற்றியது, உங்கள் நிலைமை கொஞ்சம் வேறு. ஆனாலும் கணக்கு பொருந்தும்: நேரத்தைப் பாதியாக்குங்கள், வேகத்தை ஒரு சிட்டிகை விட்டுவையுங்கள்.

நெதர்லாந்து சைக்கிள் வீரர் டொம் டுமூலன் 2017இல் ஜிரோ டி இத்தாலியா என்ற இத்தாலியின் மூன்று வாரப் போட்டியை வென்றவர். 2021 ஜனவரியில் எனக்கு முடியவில்லை என்று சொல்லிவிட்டுச் சம்பளம் இல்லாத விடுப்பில் போனார். நம் பாஷையில் பேர் விழாத நாட்கள். ஜூனில் திரும்பி வந்தார், ஜூலையில் டோக்கியோ ஒலிம்பிக்கில் தனிநபர் நேர ஓட்டத்தில் வெள்ளி வாங்கினார். பல வருட உழைப்பு பின்னால் இருந்த ஆள் அவர், உங்களை மாதக்கணக்கில் போகச் சொல்லவில்லை. ஒரு வாரத்துக்கு நீங்கள் நடுங்குவதால் சொன்னேன்.

இதெல்லாம் தெரியாமல் நான் பட்டதையும் சொல்கிறேன். எனக்கு 24 வயதிருக்கும். உங்களைப் போலவே சித்திரை முழுக்க ஓடி, கால் கனத்தபோது பயிற்சி போதவில்லை என்று நினைத்து இன்னும் கூட்டினேன். அடுத்த ஓட்டம் கீழ்நாட்டில், சமதரை, நல்ல வெயில். அறுபதாவது கிலோமீற்றர் பக்கம் கூட்டம் மெதுவாக வேகம் கூட்டியது. மூச்சு வாங்கவில்லை, நெஞ்சு அடிக்கவில்லை, ஆனால் கால் மிதிக்க மாட்டேன் என்கிறது. முன்னால் போனவரின் பின்சக்கரம் ஒரு சாண், ஒரு முழம், ஒரு வண்டி நீளம் என்று விலகிப் போனதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்புறம் சரியாக ஓட இரண்டு மாதம் ஆனது. ஒரு வாரத்தை மிச்சம் பிடிக்கப் போய் எட்டு வாரத்தைக் கொடுத்தேன்.

அன்று நடந்ததுதான் கவனிக்க வேண்டிய அறிகுறி. முயற்சி உச்சத்தில் இருக்கும், நாடித்துடிப்பு மட்டும் ஏறாது. வழக்கமாக 175 போகும் ஏற்றத்தில் 160க்கு மேல் போகவில்லை, ஆனால் உயிர் போகிறது என்றால், திறமை கூடிவிட்டது என்று சந்தோஷப்படாதீர்கள். களைப்பு ஏறியிருக்கிறது.

நாடியை அளக்கும் நெஞ்சுப்பட்டி இல்லாவிட்டாலும் காலை நாடியைப் பார்க்கலாம். விழித்ததும் எழும்பாமல், பிளேன்டீ குடிக்கும் முன், மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து ஒரு நிமிடம் முழுதாக எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்க வேண்டாம், ஒன்று பிசகினால் நாலு பிசகும். தகரத்தில் மழை கொட்டும்போது எண்ணுவது கஷ்டம்தான், கழுத்தில் விரல் வைத்தால் தெளிவாகத் தெரியும். உங்கள் வழக்கமான எண்ணைவிட ஏழெட்டு கூடுதலாக மூன்று நாள் தொடர்ந்து வந்தால் கவனிக்க வேண்டும். ஒரு நாள் கூடினால் ஒன்றுமில்லை, முதல் நாள் இரவு பஸ்ஸில் வந்திருப்பீர்கள். நாடியைவிட வீட்டுக்காரர்கள் சீக்கிரம் கண்டுபிடிப்பார்கள் என்பது என் அனுபவம். “கொஞ்ச நாளா எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழுறான்” என்று அம்மா சொன்னால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பசி குறைவது, ஆறாத தடிமல், சைக்கிளைப் பார்த்தாலே வரும் வெறுப்பு எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும்.

சரி, இனி மலைநாட்டின் சிக்கலுக்கு வருவோம். ஓய்வு வாரத்தில் இலேசாக ஓட்டு என்று எல்லாரும் சொல்வார்கள். சமதரையில் இருக்கிறவர்களுக்கு அது சுலபம். நம் ஊரில் வாசலை விட்டு இறங்கினால் ஒரு பக்கம் ஏற்றம், மறுபக்கம் இறக்கம், இறங்கினால் ஏறித்தான் வீட்டுக்கு வர வேண்டும். இங்கே இலேசான ஓட்டம் தானாக அமையாது, கியரில்தான் அமைக்க வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். கைமாறி வந்த பழைய ரேஸ் சைக்கிள்கள் பலவற்றில் முன்னால் சின்னச் செயின்வீல் 39 பல், பின்னால் ஃப்ரீவீலில் பெரியது 25 பல். மிதியை ஒரு சுற்றுச் சுற்றினால் சைக்கிள் ஏறக்குறைய 3.3 மீற்றர் போகும். 7 சதவீத ஏற்றத்தில், நிமிடத்துக்கு 70 சுற்று மிதித்தால் மணிக்கு 14 கிலோமீற்றர் வேகம். 60 கிலோ ஆள், 10 கிலோ சைக்கிள் என்றால் அதற்கு 210 வாட் சக்தி வேண்டும். நம் பிள்ளைகள் பலருக்கு அது ஒரு மணி நேரம் தாங்கக்கூடிய உச்சத்துக்குப் பக்கம். அதாவது அந்தக் கியரில் இலேசாக ஓட்டவே முடியாது, ஒன்று போட்டி வேகம், இல்லாவிட்டால் நாற்பது சுற்றில் நெளிந்து நெளிந்து முழங்காலைக் கெடுப்பது. முன்னால் 34, பின்னால் 32 பல் இருந்தால் அதே ஏற்றத்தில் அதே 70 சுற்றுக்கு வேகம் 9 கிலோமீற்றர் சொச்சம், 140 வாட் போதும். பேசிக்கொண்டே ஏறலாம்.

இதில் ஒரு செலவு இருக்கிறது. பழைய 39 பல் கிரேங்கில் 34 பல் செயின்வீல் பெரும்பாலும் மாட்டாது, ஓட்டைகளின் வட்டம் வேறு. கிரேங்கையே மாற்ற வேண்டும். பின்னால் மட்டும் 28 பல்லுக்கு மாற்றினால் 190 வாட் பக்கம் வரும், பெரிய வித்தியாசம் இல்லை, ஆனால் கையில் இருக்கும் காசுக்கு அதுதான் என்றால் செய்யுங்கள். 32 பல் மாட்டப் போனால் பின் கியரின் கை நீளம் போதுமா என்று கடையில் கேட்டுவிட்டு வாங்குங்கள். கூட்டாளியிடம் மலைச் சைக்கிள் இருந்தால் இன்னும் நல்லது, ஒரு வாரத்துக்குக் கடன் கேளுங்கள். ஓய்வு வாரத்தில் ஒருவரும் உங்கள் சைக்கிளின் மாடலைப் பார்க்கப் போவதில்லை.

அடுத்த வழி, தட்டையான இடத்தைத் தேடிப் போவது. தலவாக்கலை சுமார் 1,200 மீற்றர் உயரம், நுவரெலியா 1,868. ஏறி ஓட்டினால் ஓய்வு அங்கேயே செத்துவிடும். ஆனால் நுவரெலியா கிண்ணத்தின் அடி மாதிரி, ஊருக்குள் தரை ஓரளவு தட்டை. மரக்கறி ஏற்றப் போகும் லொறியில் சைக்கிளைப் போட்டு மேலே போய், கிரகரி வாவியைச் சுற்றி முக்கால் மணி நேரம் ஓட்டலாம். ஏப்ரல் சீசன் கூட்டம் இப்போது குறையத் தொடங்கியிருக்கும். காலையில் போங்கள், வெயில் ஏறினால் குதிரைகளும் குடும்பங்களும் வந்துவிடும். திரும்பும்போது இறக்கம் முழுக்கக் குளிர்காற்று, சட்டைக்குள் பழைய பத்திரிகைத் தாளாவது வைத்துக்கொள்ளுங்கள். இறக்கம் ஓய்வு என்றும் நினைக்க வேண்டாம். பிரேக்கைப் பிடித்துப் பிடித்துக் கை விறைத்து, பஸ்ஸுக்கு ஒதுங்கி ஒதுங்கி மனசும் களைத்துத்தான் வீடு வருவீர்கள். நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் இருக்கிறவர்களுக்குக் காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டிய பாதை உண்டு. ஏற்ற இறக்கம் இருந்தாலும் நீளமான ஏற்றம் குறைவு.

இரண்டும் முடியாவிட்டால் வீட்டிலிருந்து கீழே இறங்கி, பஸ்ஸிலோ ஓட்டோவிலோ மேலே வாருங்கள். இதைச் சொன்னால் பிள்ளைகளுக்கு மானம் போகிறது. போகட்டும்.

வாரத்தை எப்படிப் பிரிப்பது? நீங்கள் இப்போது வாரத்துக்குப் பன்னிரண்டு மணி நேரம் ஓட்டுவதாக எழுதியிருக்கிறீர்கள். ஐந்தரை, ஆறுக்குக் கொண்டுவாருங்கள். திங்கள் முழு ஓய்வு. செவ்வாய் நாற்பது நிமிடம், மூக்கால் மூச்சு விட்டுக்கொண்டே ஓட்டக்கூடிய வேகம். புதன் ஒரு மணி நேரம், அதில் நாலு தடவை முப்பது விநாடி நன்றாக மிதித்து, இடையில் ஐந்து ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். வியாழன் மறுபடி முழு ஓய்வு. வெள்ளிக்கிழமை சைக்கிளில் ஏறினால் கால் கட்டிப் போட்ட மாதிரி இருக்கும், பயப்பட வேண்டாம். இரத்தத்தின் நீர்ப்பகுதி கொஞ்சம் குறைவதும் தசை இறுக்கமும்தான் அது. டூர் டி பிரான்ஸில் மூன்று வாரத்தில் இரண்டு ஓய்வு நாள் உண்டு, அந்த நாட்களிலும் வீரர்கள் ஒன்றிரண்டு மணி நேரம் ஓட்டுவது கால் இப்படிக் கட்டிப் போகாமல் இருக்கத்தான். வெள்ளி ஒரு மணி நேரம் சும்மா. சனி ஒன்றரை மணி நேரம், அதில் ஒரு நிமிட வேகம் மூன்று. மீதியை ஞாயிறுக்கு வையுங்கள், அது வேறு கதை.

தேதி பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை: தோட்டத்துத் திருவிழா வாரத்தை ஓய்வு வாரமாக வைக்காதீர்கள். என்னிடம் ஒரு பையன் அப்படிச் செய்தான். சைக்கிளைத் தொடவில்லை, ஆனால் மூன்று இரவு விழித்து, தேர் இழுத்து, பந்தல் கட்டி, திங்கட்கிழமை போட்டி ஓடியவனைவிட மோசமாக வந்து நின்றான். வேலையும் இந்தக் கணக்கில் வரும். பகலில் உரமூட்டை தூக்குகிறவர், கடையில் பத்து மணி நேரம் நிற்கிறவர், அந்த வாரத்தில் அதிக நேர வேலை கேட்டு வாங்கக்கூடாது. சைக்கிளில் மிச்சமான நேரத்தை வேலையில் போட்டால் உடம்புக்கு இரண்டும் ஒன்றுதான்.

தூக்கம் பற்றி லயத்தில் இருக்கிறவருக்கு அறிவுரை சொல்ல எனக்கே வெட்கம். ஒரு காம்பரா, ஒரு டிவி, அடுத்த வீட்டுக் குழந்தை. இரவில் ஒன்பது மணி கிடைக்காவிட்டால் மதியம் அரை மணி நேரமாவது சரியுங்கள். அந்த வாரம் கொழும்புக்குப் பஸ் பயணம் எதையும் வைக்காதீர்கள்.

சாப்பாட்டைக் குறைக்காதீர்கள். ஓய்வு வாரத்தில் எல்லாரும் செய்யும் தப்பு இது. ஓட்டவில்லையே, எதற்குச் சாப்பிட வேண்டும் என்று ஒரு ரொட்டியோடு எழும்பிவிடுவார்கள். உடம்பு கட்டட வேலை செய்யும்போது சீமெந்தை நிறுத்துகிற மாதிரி. பருப்பு, முட்டை, நெத்தலி, பால், எது கட்டுப்படியாகிறதோ அது ஒவ்வொரு வேளையும் தட்டில் இருக்கட்டும். எடை ஒரு கிலோ கூடும். சேமிக்கும் சர்க்கரை ஒவ்வொரு கிராமும் தன்னோடு ஏறக்குறைய மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைக்கும், அதுதான் அந்த ஒரு கிலோ. கொழுப்பு இல்லை.

தேத்தண்ணி விஷயமும் உண்டு. நம் வீடுகளில் ரொட்டியைக் கடித்துக்கொண்டே பிளேன்டீ குடிப்பார்கள். பருப்பிலும் கீரையிலும் இருக்கும் இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள விடாமல் தேயிலைச் சாயம் தடுக்கும். தேயிலைக்குள்ளே வாழும் நமக்கு இது நாளுக்கு நாலு தடவை நடக்கிறது. குடிக்க வேண்டாம் என்று சொன்னால் ஒருவரும் கேட்க மாட்டார்கள், நானும் கேட்க மாட்டேன். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கீரைக்குத் தேசிக்காய் பிழிந்தால் இரும்புச்சத்து கூடுதலாக ஏறும். இத்தனைக்குப் பிறகும் களைப்புப் போகவில்லை என்றால் இரத்தத்தில் இரும்புச்சத்தைப் பரிசோதித்துப் பாருங்கள், பயிற்சிக் களைப்பு என்று நினைத்தது இரத்தசோகையாக இருந்ததைப் பார்த்திருக்கிறேன்.

காய்ச்சல் இருந்தால் மேலே சொன்ன திட்டம் எதுவும் செல்லாது. காய்ச்சலோடு சைக்கிளில் ஏறக்கூடாது, இலேசாகக் கூட வேண்டாம், இதயத்துக்கு ஆபத்து. கீழ்நாட்டில் ஓடிவிட்டு வந்து ஒரு வாரம் பத்து நாளில் காய்ச்சல் வந்தால் டெங்குவாகவும் இருக்கலாம். பரசிட்டமோல் தவிர வேறு வலி மாத்திரை போடாமல் வைத்தியரிடம் போய் இரத்தம் பரிசோதியுங்கள்.

இனி ஞாயிறு. உங்களுக்குப் பழக்கமான ஓர் ஏற்றத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பத்து நிமிடம் பிடிப்பது போதும். உச்ச வேகம் வேண்டாம். நாடி 150 என்று ஒரு எண்ணை வைத்துக்கொண்டு, அதைத் தாண்டாமல் ஏறி நேரத்தைக் குறியுங்கள். ஓய்வு வாரத்துக்கு முந்திய நாளும் இதே மாதிரி ஒரு தடவை ஏறி எழுதி வைத்திருக்க வேண்டும், அதனால் நாளைக்கே ஏறிவிடுங்கள். இரண்டு நேரமும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் விஷயம் தெரியும். நேரம் குறைந்து, மேலே போய் நிற்கும்போது இன்னொரு தடவை ஏறலாம் போல இருந்தால், திங்களில் இருந்து மூன்று வாரம் நன்றாக உழையுங்கள், போட்டிக்கு முந்திய கடைசி வாரம் மறுபடி குறையுங்கள். நேரம் அப்படியே இருந்து காலை நாடியும் இறங்காவிட்டால் இன்னும் ஒரு வாரம் இதே மாதிரி. இரண்டு வாரத்திலும் மாற்றம் இல்லையென்றால் மே ஓட்டத்தை விட்டுவிட்டு வைத்தியரைப் பாருங்கள். மே கடைசியில் தென்மேற்கு மழையும் பிடித்துவிடும், அந்த ஓட்டத்தைத் தவறவிட்டதற்காகப் பிறகு அழ மாட்டீர்கள்.

மாஸ்டரிடம் எப்படிச் சொல்வது என்றும் கேட்டிருந்தீர்கள். அவர் காலத்தில் ஓய்வு கேட்டவனுக்குச் சோம்பேறி என்றுதான் பேர், அதனால் வாதம் பண்ண வேண்டாம். ஒரு கொப்பியில் இரண்டு மூன்று நாள் காலை நாடியையும் தூங்கின மணியையும் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள். “சேர், நான் ஓட்டத்தான் போறேன், ஆனா இந்த வாரம் பாதி நேரம். ஞாயிறு ஏற்றத்துக்கு நீங்களே ஸ்டொப் வாட்ச் பிடிங்க” என்று சொல்லுங்கள். கடிகாரத்தைக் கையில் கொடுத்தால் வேண்டாம் என்று சொன்ன மாஸ்டரை நான் இன்னும் பார்க்கவில்லை.